சிறு சலனமும் பெருங்கோலமும்
(ஆலன் டூரிங் வாழ்க்கை)

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எவ்வளவு படித்தவரையும் விட்டுவிடுவதில்லை. கையெழுத்துப் போட்டாலும், பெருவிரலில் மை தடவி ரேகையையும் ஒற்றச் சொல்வார்கள். கையெழுத்தைப் பிறர் எழுதிவிடலாம். ரேகையை எழுத இயலாது. ஒரே கருவிலிருந்து பிறந்து, பெற்றவளே பிரித்தறியத் திகைக்கும் இரட்டையர்க்கும் விரல் ரேகை வேறு வேறுதான். இந்த உண்மையை நம்பியே 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகை அலுவலகம் திறக்கப்பட்டது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. ரேகைகள் ஏர் உழுத சால்கள் போல ஏறக்குறைய ஒரே இடைவெளியில் ஓடுகின்றனவே, அந்த ஒழுங்கைத் தந்தது எது? ஒரே மரபுப் பொருள் கொண்ட இரட்டையரிடத்தும் அவை மாறுபடுகின்றனவே, அந்த வேற்றுமையைத் தந்தது எது? முதற் கேள்விக்கு விதி என்றும், இரண்டாவதற்குத் தற்செயல் என்றும் விடை சொல்லலாம். விதியும் தற்செயலும் பகைவர்கள் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அவ்விரண்டும் கூடித்தான் உயிரின் கோலங்களை வரைகின்றன என்று கணித வழியில் காட்டியவர் ஆலன் மேத்திசன் டூரிங்.

கணிப்பொறியின் தந்தையருள் ஒருவர் என்று அவரை எல்லோரும் அறிவர். அவருடைய கடைசி ஆண்டுகளின் உழைப்பைப் பற்றி அறிந்தவர் சிலரே. அந்த உழைப்பையும், அது முற்றுப்பெறாமல் போன கதையையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போத்தனூர்ப் பேரன்

டூரிங் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் எட்வர்டு வாலர் ஸ்டோனி, சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். தாயார் எத்தல் சாரா 1881ஆம் ஆண்டு கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தார். தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. இருவருக்கும் 1907இல் திருமணம் நடந்தது. மூத்த மகன் ஜான் அடுத்த ஆண்டு குன்னூரில் பிறந்தான். தந்தையார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்ததும், இன்று ஒடிசாவில் உள்ளதுமான சத்ரபூரில் வேலை பார்த்த காலத்தில் தாயார் மறுபடியும் கருவுற்றார். பிள்ளைப்பேற்றுக்காக இங்கிலாந்து சென்றார். 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் ஆலன் பிறந்தார்.

இந்நாட்டு வெயில் குழந்தைகளுக்கு ஆகாது என்பது அக்கால ஆங்கிலேயக் குடும்பங்களின் எண்ணம். ஆகவே ஆலனுக்கு ஒன்றரை வயது நிரம்புமுன் பெற்றோர் இருவரும் இந்தியா திரும்பிவிட்டனர். குழந்தைகள் கடற்கரையூர் ஒன்றில் ஓய்வு பெற்ற படைத் தலைவர் ஒருவரின் வீட்டில் விடப்பட்டனர். தாயின் வருகை விடுமுறை போல வந்து போயிற்று. நம் நாட்டு வேலைக்காகத் தம் பெற்றோரை இழந்திருந்த ஆங்கிலப் பிள்ளைகளுள் ஆலனும் ஒருவர்.

பூப் பார்த்த பிள்ளை

சிறுவன் ஆலன் விளையாட்டில் கவனம் செலுத்துவதில்லை. 1923இல் அவனுடைய தாயார் ஒரு படம் வரைந்தார். பள்ளித் தோழர்கள் ஹாக்கி ஆடுகிறார்கள். இவன் மட்டும் மட்டையைக் கையில் பிடித்தபடி குனிந்து டெய்சிப் பூக்களை உற்றுப் பார்க்கிறான். விளையாட்டாக வரைந்த படம்தான். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை அறிந்தவர்க்கு அது வெறும் வேடிக்கைப் படமாகத் தோன்றாது.

ஏறக்குறைய அதே காலத்தில் பிரூஸ்டர் என்பவர் எழுதிய இயற்கை விந்தைகள் பற்றிய சிறுவர் நூல் ஒன்று அவன் கைக்கு வந்தது. உடல் என்பது ஒரு பொறி என்றும், முட்டையிலிருந்து குஞ்சு உருவாவது படிப்படியான வேலை என்றும் அது விளக்கியது. அறிவியல் என்ற ஒன்று உண்டு என்பதையே தமக்குக் காட்டிய நூல் அது என்று பிற்காலத்தில் அவர் தாயாரிடம் சொன்னதுண்டு.

1926இல் ஷெர்போன் பள்ளியில் சேரவேண்டிய நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் துறைமுகத்தில் இறங்கி, சைக்கிளில் ஏறி, வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, அறுபது மைல் மிதித்துப் பள்ளி போய்ச் சேர்ந்தான். பின்னாளில் அவர் நெடுந்தூர ஓட்டக்காரரும் ஆனார். 1947இல் மாரத்தான் பந்தயத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

பள்ளியில் அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் கிறிஸ்டபர் மார்க்கம் என்ற நண்பன். விண்மீன்களையும் சமன்பாடுகளையும் பேசிப் பேசி வளர்ந்த நட்பு அது. ஆலனின் உள்ளத்தில் அது நட்பையும் கடந்த அன்பாக இருந்தது. 1930 பிப்ரவரியில் மார்க்கம் காசநோயால் இறந்துவிட்டான். பிள்ளைப் பருவத்தில் குடித்த பசும்பாலின் வழியே வந்த நோய் அது. அந்தப் பால் வேறொரு மாட்டினுடையதாக இருந்திருந்தால் அவன் வாழ்ந்திருப்பான். ஒரு சிறு தற்செயல் ஒரு வாழ்க்கையை எங்ஙனம் திருப்பிவிடும் என்பதை ஆலன் கற்றது அப்போதுதான்.

தற்செயலின் கணக்கு

கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் படித்தபின் அவர் எழுதிய முதல் ஆராய்ச்சியும் தற்செயலைப் பற்றியதே. ஒன்றோடொன்று தொடர்பற்ற எண்ணற்ற சிறு பிழைகள் சேரும்போது அவற்றின் கூட்டு ஏன் எப்போதும் மணி வடிவ வளைவாக அமைகிறது என்பதே வினா. விடையை 1922லேயே லிண்டபெர்க் என்பவர் கண்டிருந்தார். அதனை அறியாமல் டூரிங் தாமே மீண்டும் கண்டார். அக்கட்டுரைக்காக 1935இல், இருபத்திரண்டாம் வயதில், கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. முடிவில்லாத நாடாவில் குறிகளை எழுதியும் அழித்தும் செல்லும் ஒரு கற்பனைப் பொறியை அவர் படைத்தார். கணக்கிடத்தக்க எதையும் அது கணக்கிடும். ஆயினும் எந்தப் பொறியாலும் தீர்க்க இயலாத வினாக்களும் உண்டு என்று நிறுவினார். பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் அலான்சோ சர்ச்சிடம் பயின்று 1938இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1939இல் போர் மூண்ட மறுநாளே பிளெச்லி பார்க் என்ற மறைவிடத்துக்கு வேலைக்குச் சென்றார். ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை முதலில் உடைத்தவர்கள் போலந்து நாட்டு அறிஞர்கள். அவர்கள் போட்ட அடிப்படையின்மேல் டூரிங் புதிய பொறியை அமைத்தார். கடற்படை மறைமொழியை உடைக்க அவர் கண்ட முறையில் நிகழ்தகவுதான் ஆயுதம். பொருளற்ற எழுத்துக் குவியலில் தற்செயலாக நேரும் ஒற்றுமை எது, உண்மையான தடயம் எது என்பதைத் தராசில் இட்டு நிறுப்பதுபோல அவர் நிறுத்தார். அட்லாண்டிக் கடலில் எத்தனையோ கப்பல்கள் அதனால் தப்பின. அந்த வேலையைப் பற்றி 1970கள் வரையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது அரசின் கட்டளை. அவர் சாகும்வரை அதனை மீறவில்லை.

இரைச்சலைக் கேட்ட பொறி

போருக்குப் பின் உண்மைக் கணிப்பொறிக்கு வடிவம் வரைந்து கொடுத்தார். 1948இல் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்துக்கு வந்தார். 1951இல் அங்கே பெராண்டி நிறுவனம் செய்த கணிப்பொறி நிறுவப்பட்டது. அதில் டூரிங் வேண்டிக் கேட்டு வைத்த ஓர் உறுப்பு உண்டு. மின்சுற்றுகளில் எப்போதும் இருந்துகொண்டிருக்கும் இரைச்சலிலிருந்து தற்செயல் எண்களை எடுத்துத் தருவது அதன் வேலை. பிழையின்றிக் கணக்குப் போடவே பொறி என்று பிறர் எண்ணியபோது, பிழைக்கும் பொறியில் ஓர் இடம் வேண்டும் என்று அவர் எண்ணினார். அதே ஆண்டு இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு நவம்பரில், உயிர்களின் உருவம் எவ்வாறு தோன்றுகிறது என்பது பற்றிய தம் கட்டுரையை அக்கழகத்துக்கு அனுப்பினார். 1952 ஆகஸ்டில் அது அச்சாகியது.

கலைக்கும் கையே வரைகிறது

அக்கட்டுரையின் கருத்தை எளிதாகச் சொல்லிப் பார்ப்போம்.

கரு தொடக்கத்தில் ஏறக்குறைய ஓர் உருண்டை. எப்பக்கமும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி இருப்பதிலிருந்து தலையும் காலும், புள்ளியும் வரியும் எப்படித் தோன்றும்? உயிரணுக்களில் சில இரசாயனப் பொருள்கள் உள்ளன என்று டூரிங் கொண்டார். அவற்றிற்கு உருவாக்கிகள் என்ற பொருள்படப் பெயரிட்டார். அவை தமக்குள் வினைபுரிகின்றன. ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குப் பரவவும் செய்கின்றன.

பரவல் என்றால் நமக்குத் தெரிந்ததுதான். ஒரு குவளை நீரில் ஒரு சொட்டு மை விட்டால் சற்று நேரத்தில் எங்கும் ஒரே நீலமாகிவிடும். பரவல் வேற்றுமையை அழிப்பது. ஆனால் இரண்டு பொருள்கள் இருந்து, அவை ஒரு குறித்த வகையில் உறவுகொண்டால் நிலைமை தலைகீழாகும். முதற்பொருள் தன்னையும் பெருக்குகிறது, இரண்டாம் பொருளையும் உண்டாக்குகிறது. இரண்டாம் பொருள் முதற்பொருளை அடக்குகிறது. அடக்கும் பொருள் மிக விரைவாகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் முதற்பொருள் சிறிது மிகுந்தால் அங்கேயே பெருகி மேடாகிறது. அதனால் உண்டான அடக்கும் பொருளோ அங்கே தங்காமல் சுற்றுப்புறத்துக்கு ஓடி, அங்கே வேறு மேடு எழாமல் தடுக்கிறது. அதன் வலிமை குன்றும் தூரத்துக்கு அப்பால் அடுத்த மேடு எழுகிறது. இவ்வாறே சம இடைவெளியில் புள்ளிகளோ வரிகளோ பிறக்கின்றன. கலைப்பதற்கென்றே இருக்கும் பரவலே கோலத்தை வரைகிறது. டூரிங் கண்ட வியப்பு இதுதான்.

ஆனால் ஒன்று குறைகிறது. எல்லா இடத்திலும் எல்லாம் சரிசமமாக இருந்தால் முதல் மேடு எங்கே எழும்? எழுவதற்குக் காரணமே இல்லையே! நுனியில் நிறுத்திய பென்சில், ஒரு மயிரளவும் சாயாதிருந்தால் நின்றுகொண்டே இருக்கும். டூரிங் வேறோர் உவமை சொன்னார். தன் கனமையத்துக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிட்ட கோல் ஆடாமல் நிற்கிறது. ஒரு சுண்டெலி அதன்மேல் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் பழைய நிலை நிலையற்றதாகிவிடுகிறது. அப்போது எந்தச் சிறு அசைவும் கோலைப் புரட்டிவிடும். எப்பக்கம் புரளும் என்பது அந்த அசைவைப் பொறுத்தது.

உயிரணுவில் அந்த அசைவு எங்கிருந்து வருகிறது? மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை ஒரு நொடிபோல் மறுநொடி இராது. பொதுவான கணக்கு இது: சராசரியாகப் பத்து இலட்சம் மூலக்கூறுகள் இருக்குமிடத்தில் ஏற்றத்தாழ்வு சுமார் ஆயிரம், அதாவது நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு. பத்தாயிரம் இருந்தால் நூறு. அது நூற்றுக்கு ஒன்று. நூறே இருந்தால் பத்து. அது நூற்றுக்குப் பத்து. இந்தத் துள்ளலே விதை. எத்தனை தூரத்துக்கு ஒரு மேடு என்பதை இரசாயனம் முடிவு செய்கிறது. எந்த இடத்தில் மேடு என்பதைத் தற்செயல் முடிவு செய்கிறது.

இதனைச் சோதிக்க இருபது உயிரணுக்கள் கொண்ட ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு டூரிங் எண்வழியே கணக்கிட்டார். தற்செயல் அசைவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். பழைய சமநிலையை மிக மெதுவாகக் குலைத்தால் என்னவாகும் என்றும் பார்த்து, அதற்குச் சமையலறைச் சொல்லாலேயே பெயரிட்டார். பசுமாட்டின் தோலில் காண்பது போன்ற திட்டுகளையும் சில மணி நேரத்தில் கையாலேயே கணக்கிட்டு வரைந்தார். நீர்வாழ் ஹைட்ராவின் கைகளும், தண்டைச் சுற்றி வளையமாக நிற்கும் இலைகளும் இம்முறையில் விளக்கம் பெறலாம் என்றார். அடுத்து, சூரியகாந்தியின் விதைகளும் டெய்சிப் பூவின் சுருள்களும் ஏன் பிபனாச்சி எண்களில் அமைகின்றன என்ற வினாவைக் கையில் எடுத்தார். ஹாக்கித் திடலில் குனிந்து நின்ற சிறுவன் மீண்டும் அதே பூவைப் பார்க்கலானான்.

பொறுக்காத சட்டம்

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே காவல் துறையிடம் முறையிட்டார். விசாரணையில், ஓர் இளைஞனோடு தமக்கிருந்த உறவை அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆணும் ஆணும் அன்புகொள்வது 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டில் குற்றம். திருடனைப் பற்றிச் சொல்லப் போனவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். மார்ச்சு 31ஆம் நாள் தீர்ப்பு. சிறை செல்லலாம், அல்லது ஓராண்டு பெண்மை இயக்குநீர் ஊசிக்கு உடன்படலாம் என்ற நிலை. வேலையை விடமுடியாதவர் மருந்தை ஏற்றார்.

இரசாயனப் பொருள்கள் உடலுக்கு எங்ஙனம் உருவம் தருகின்றன என்று அவர் எழுதிய கட்டுரை அச்சேறிய அதே மாதங்களில், அரசு செலுத்திய இரசாயனப் பொருள் அவருடைய உடலின் உருவத்தை மாற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு மார்பு வளர்ந்தது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத மனம் வரவில்லை. மறைமொழி வேலைக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. நாட்டைக் காத்தவர் நாட்டுக்கு ஆபத்தானவர் என்று எண்ணப்பட்டார்.

ஆயினும் அவர் வேலையை நிறுத்தவில்லை. பெர்னார்டு ரிச்சர்ட்ஸ் என்ற மாணவரைக் கொண்டு, உருண்டை வடிவில் இக்கோட்பாடு என்ன உருவங்களைத் தரும் என்று கணக்கிடச் செய்தார். கிடைத்த உருவங்கள் கடலில் வாழும் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் முள் ஓடுகளை ஒத்திருந்தன. அந்த ஒற்றுமையைக் கண்டு மகிழ்வதற்கு ஆசிரியர் இல்லை. 1954 ஜூன் 7ஆம் நாள் டூரிங் தம் வீட்டில் சயனைடு நஞ்சால் இறந்தார். பாதி தின்ற ஆப்பிள் ஒன்று அருகே கிடந்தது. அதனை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தற்கொலை என்று தீர்ப்பாயிற்று. வீட்டில் மின்முலாம் பூசும் சோதனைகளில் நஞ்சைக் கையாண்டபோது நேர்ந்த விபத்து என்றே தாயார் கடைசிவரை நம்பினார். நாற்பத்திரண்டு வயது நிரம்ப இரண்டு வாரம் இருந்தது. சூரியகாந்தி பற்றிய குறிப்புகள் முடியாமலே கிடந்தன.

பின்னர் வந்த சான்றுகள்

அக்கட்டுரையை வெகுகாலம் உயிரியலார் பொருட்படுத்தவில்லை. 1972இல் கீரர், மைன்ஹார்டு என்ற இருவர், பெருக்கும் பொருள் குறைந்த தூரம், அடக்கும் பொருள் நெடுந்தூரம் என்ற விதியைத் தெளிவாக்கினர். 1990இல் பிரான்சில் போர்டோ நகரத்து ஆய்வாளர்கள் முதன்முறையாக ஓர் இரசாயனக் களியில் டூரிங் கோலத்தைக் கண்ணால் கண்டனர். 1995இல் ஜப்பானியர் இருவர், வளரும் கடல் மீனின் வரிகள் இக்கோட்பாடு சொன்னவாறே நகர்ந்து கிளைவிடுவதைக் காட்டினர். 2014இல் எலியின் விரல்கள் பிரிவதிலும் இதே முறை உண்டு என்று தெரிந்தது. எல்லாக் கோலமும் இவ்வழியே வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பழ ஈயின் கருவிலுள்ள பட்டைகள் டூரிங் முறையால் எழுவன அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டளையால் அமைகிறது.

தற்செயலின் பங்கு டூரிங் கருதியதைவிடப் பெரிது என்பது இந்த நூற்றாண்டில் வெளிப்பட்டது. அவர் கோட்பாட்டுக்கு ஒரு தடை இருந்தது. அடக்கும் பொருள் மற்றதைவிட மிகமிக விரைவாகப் பரவவேண்டும். உயிர்களில் அவ்வளவு வேற்றுமை அரிது. மூலக்கூறுகள் குறைவாக உள்ள இடத்தில் ஓயாத துள்ளலே இத்தடையை நீக்கும் என்று கணிதம் காட்டியது. ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். யாரும் ஆட்டாவிட்டால் அது நின்றுவிடும். ஆனால் ஒழுங்கில்லாத காற்று இடைவிடாமல் மோதினால் அது தன் இயல்பான தாளத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அதுபோல, தானாக எழ முடியாத கோலத்தை இரைச்சல் இடைவிடாமல் எழுப்பித் தாங்குகிறது. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள், குடல் வாழ் பாக்டீரியாக்களை இதற்கேற்ப மாற்றியமைத்து வளர்த்து, அவற்றின் பரப்பில் சிவப்பும் பச்சையுமான ஒளிப்புள்ளிகள் எழுவதைக் காட்டினர்.

2023இல் விரல் ரேகைக்கே விடை வந்தது. கருவிலுள்ள விரலில், நுனிச் சதையின் நடு, நகத்தின் அடி, மூட்டு மடிப்பு ஆகிய மூன்று இடங்களில் ரேகை அலைகள் தொடங்கிப் பரவிச் சந்திக்கின்றன. பெருக்கும் பொருளும் அடக்கும் பொருளும் சேர்ந்து இடைவெளியை அளக்கின்றன. அலைகள் எங்கே எப்போது சந்திக்கின்றன என்பதைப் பொறுத்துச் சுழியோ வளைவோ அமைகிறது. ஒவ்வொரு ரேகையும் எங்கே கிளைக்கும், எங்கே முடியும் என்பது அந்தந்தக் கணத்தின் சிறு சலனத்தைப் பொறுத்தது. ஆகவே இரட்டையர் ரேகையும் ஒன்றாவதில்லை.

சட்டங்களும் மெல்ல மாறின. இங்கிலாந்தில் 1967இல் அச்சட்டம் ஓரளவு தளர்த்தப்பட்டது. 2009இல் பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரச மன்னிப்பு வந்தது. 2021இல் ஐம்பது பவுன் நோட்டில் அவர் படம் அச்சானது. அவர் தந்தையார் நிருவகித்த இந்நாட்டிலும், ஆங்கிலேயர் 1860இல் எழுதிவைத்த 377ஆம் பிரிவை, மனமொத்த வயதுவந்தோரைப் பொறுத்தவரை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. இறந்தவர்க்கு இவற்றால் பயன் ஒன்றும் இல்லை, இருப்பவர்க்கு உண்டு.

இயற்கை சிறு விலகலைக் குற்றமாகக் கொள்வதில்லை. அதனை விதையாகக் கொண்டு கோலம் வரைகிறது. இந்த உண்மையைக் கணக்கில் நிறுவிக் காட்டிய மனிதரின் விலகலை அவர் காலத்துச் சமுதாயம் பொறுக்கவில்லை. அதனால் அவர் இழந்தது உயிர். நாம் இழந்தது அவர் எழுதாமற்போன பக்கங்கள். அடுத்த முறை பெருவிரலில் மை தடவும்போது, ஒற்றுவதற்கு முன் ஒரு கணம் அதனைப் பாருங்கள். விதியும் தற்செயலும் கைகோத்து எழுதிய அந்தச் சிறு கோலத்துக்குப் பொருள் சொல்ல முயன்ற போத்தனூர்ப் பேரனை நினைத்துக்கொள்ளுங்கள்.